தம்பி தங்குவதற்குக் காரணம்

வெளிநாட்டவர் அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் எல்லோரும் கோவிலுக்குள் வந்தவர்களைப் போல அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள், கண்டக்டரைத் தவிர. ஒரு கூட்டத்தையும் ஒரு கதவையும் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டால் அவருக்குக் கை பரபரக்கும். ஆயுளில் பாதியைப் பஸ் படிக்கட்டில் கழித்த மனிதர், ஓய்வு பெற்றுவிட்டால் மட்டும் சும்மா இருந்துவிடுவாரா? வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்களைக் கையசைத்து உள்ளே தள்ளி நிற்கச் செய்தார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணைப் பார்த்ததும், காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த இளைஞனின் தோளைத் தட்டி எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தார். மொழி தெரியாது என்பது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை. அந்த இளைஞனும் ஏன் எழுந்தோம் என்று தெரியாமலே எழுந்து நின்றான்.

"டேய், வந்து உக்காருடா. இது உன் பஸ் இல்ல" என்றாள் அவருடைய அக்கா.

அவர் வந்து உட்கார்ந்தார். உட்காரும்போதே, அவள் தோளிலிருந்து நழுவியிருந்த கோட்டை இழுத்துச் சரிசெய்தார். இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

அக்கா இந்த நகரத்துக்குக் கல்யாணமான கையோடு வந்தவள். கணவர் போய்ச் சேர்ந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. தெருமுனையில் பழைய துணிகளைத் திருத்தித் தைக்கும் கடையில் வேலை. யார் எதிரே வந்தாலும் அவள் கண் முதலில் போவது அவர்கள் உடுப்பின் மடிப்புத் தையலுக்குத்தான், முகத்துக்கு அப்புறம்தான். தனியாக இருந்த இத்தனை வருஷத்தில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு சிட்டிகை உப்புக் கேட்டவளில்லை. "எப்படி இருக்கீங்க?" என்று யார் கேட்டாலும் "சமாளிச்சுக்கறேன்" என்பாள். அந்த ஒரு சொல்லை வைத்தே அவள் ஒரு வாழ்க்கையை ஓட்டிவிட்டாள்.

கடையில் மேல் தட்டிலிருந்து துணி மூட்டையை இழுக்கப் போய், முக்காலி சாய்ந்து கீழே விழுந்ததில் வலது தோள் முறிந்தது. எலும்புக்குத் தகடு வைத்துத் தைத்தார்கள். சேதி தெரிந்ததும் தம்பி அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருக்கு மனைவி இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. "அங்க எனக்கு என்ன வேலை, வீட்டுச் சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். இங்க வந்தா உன் சுவரைப் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்று சொல்லிக்கொண்டுதான் பெட்டியை இறக்கினார்.

வந்தவருக்குக் கொடுத்திருந்த அனுமதி இந்த வாரத்தோடு முடிகிறது. தோளோ இன்னும் பாதிகூட ஆறவில்லை. நெருங்கிய சொந்தத்துக்கு உடம்பு முடியாமல் இருந்து, பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லையென்றால், வந்தவர் தங்கும் காலத்தை நீட்டித் தருவார்களாம். இதைச் சொன்னவர் மாடி வீட்டு டாக்சிக்காரர். தன் மாமியாருக்காக அந்த அலுவலகத்துப் படிகளை ஏறி இறங்கித் தேர்ந்தவர். அவர் முந்தின நாளே வந்து உட்கார்ந்து பாடம் நடத்தியிருந்தார். ஒன்று விடாமல் சொல்ல வேண்டும், தம்பி என்னென்ன செய்கிறார் என்று தம்பியே அள்ளி விட வேண்டும், அக்கா முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொந்தத்துக்குச் செய்ததை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுவதா? அவர்கள் அப்பா ஒரு தடவை அப்படிச் சொல்லிக் காட்டியதில்தான் சித்தப்பா வீட்டோடு பேச்சுவார்த்தையே நின்றுபோனது. டாக்சிக்காரர் மாடியேறிப் போன பிறகு கண்டக்டர், "நல்ல மனுஷன்தான். ஆனா டாக்சிக்காரன் பாரு, எதுக்கும் மீட்டர் போட்டே பழக்கம்" என்றார்.

அவர்கள் முறை வந்தது.

சிறிய அறை. மேஜைக்குப் பின்னால் ஜலதோஷம் பிடித்த ஓர் அதிகாரி அம்மாள், மூக்கின் நுனி சிவந்து, கைக்குட்டையும் கையுமாக இருந்தார். பக்கத்தில் கழுத்தில் அட்டை தொங்க ஒரு தமிழ்ப் பெண், மொழிபெயர்ப்பதற்கு. அக்காவுக்கு இந்த ஊர் மொழி கடையில் பேசும் அளவுக்கு வரும், ஆனால் சட்டம் சம்பந்தப்பட்ட பேச்சு அவரவர் மொழியில்தான் நடக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்தப் பெண் முதலிலேயே தன் விதியையும் சொல்லிவிட்டாள். யார் என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே சொல்வாள், ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ மாட்டாள், வெளியே போய் அவர்களோடு பேசவும் அனுமதியில்லை. அக்காவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கை மடிப்பு ஒழுங்காகத் தைத்த சட்டை.

அதிகாரி அம்மாள் முதலில் அக்காவைக் கேட்டார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் என்னென்ன கஷ்டம்?

கஷ்டம் என்று கேட்டதுமே அக்காவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"கஷ்டம்னு ஒண்ணும் இல்லைங்க. கடவுள் புண்ணியத்துல எல்லாம் நானே சமாளிச்சுக்கறேன்."

அந்தப் பெண் ஒரு கணம் தயங்கினாள். பிறகு அப்படியே சொன்னாள். அதிகாரி அம்மாள் தட்டச்சு செய்துகொண்டு, கண்டக்டர் பக்கம் திரும்பினார். அக்கா வீட்டில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

"நான் என்னங்க செய்யறேன்" என்று கண்டக்டர் கூச்சத்தோடு சிரித்தார். "அக்கா ஆக்கிப் போடறா, உக்காந்து சாப்பிடறேன். டிவி பாக்கறேன். மொழி புரியாது, ஆனா சண்டைக் காட்சி புரியும்."

இந்த முறை அந்தப் பெண் தயங்கிய நேரம் கொஞ்சம் நீண்டது. கண்டக்டரைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், தன் கழுத்து அட்டையையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். அப்புறம் சண்டைக் காட்சி உட்பட எல்லாவற்றையும் சொன்னாள்.

அதிகாரி அம்மாள் எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டினார். அதுவும் அங்கே விதி. மூத்த சகோதரிக்குச் சிரமம் எதுவும் இல்லை. அவரே சமைக்கிறார். சகோதரர் உட்கார்ந்து சாப்பிடுகிறார், தொலைக்காட்சி பார்க்கிறார். சரிதானே?

இருவரும் பணிவாகத் தலையாட்டினார்கள்.

அதிகாரி அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மருத்துவர் கொடுத்த கடிதத்தை எடுத்து இரண்டு விரலால் தட்டினார். கையைத் தோளுக்கு மேல் தூக்கி வேலை செய்யக்கூடாது, துணை இல்லாமல் இருக்கக்கூடாது என்று இதில் இருக்கிறது. நீங்களோ ஒன்றும் இல்லை என்கிறீர்கள். நான் யாரை நம்புவது? தம்பி தங்குவதற்குக் காரணம் என்று ஓர் இடம் இருக்கிறது, அதில் எதை எழுதுவது?

கோபமாகக் கேட்டிருந்தால் அக்காவும் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். அந்த அம்மாள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இவர்கள் வாயடைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கடிகாரத்தையும் பார்த்தார். எனக்குச் சாப்பாட்டு நேரம், இதை இன்னும் அனுப்பவில்லை, திரும்பி வந்து மறுபடி கூப்பிடுகிறேன், சொல்ல ஏதாவது இருந்தால் அப்போது சொல்லுங்கள், இல்லாவிட்டால் இருக்கிறபடியே போகும் என்றார். அப்படிச் செய்ய வேண்டும் என்று அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம்.

அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் சின்னச் சிற்றுண்டிக் கூடம். காசு போட்டால் காபி ஊற்றும் இயந்திரம் ஒன்று கண்டக்டரோடு மல்லுக்கு நின்று, கடைசியில் இரண்டு காகிதக் கோப்பைகளைத் தந்தது. ஒன்றை அக்காவின் இடது கைப் பக்கம் வைத்தார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து அதையும் அந்தப் பக்கமே வைத்தார். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். இதற்கு நடுவே, சில்லறை கொடுக்காத ஒரு பயணியை மூன்று ஸ்டாப் தள்ளி இறக்கிவிட்ட கதை ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்குக் கதை காதில் ஏறவில்லை. அந்த அம்மாள் வாசித்ததே திரும்பத் திரும்பக் கேட்டது. உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

"டிவி பாக்கறேன்னு ஏன்டா சொன்ன?"

"பின்ன என்ன சொல்றது? உனக்கு இது செஞ்சேன், அது செஞ்சேன்னு வாசிக்கச் சொல்றியா? அப்புறம் நான் உனக்குத் தம்பியா, வீட்டு வேலைக்கு வந்த ஆளா?"

"அதுக்காகப் பொய் சொல்றதா?"

"எது பொய்? நான் டிவி பாக்கறதில்லையா? சத்தியமா பாக்கறேன்." காபியை உறிஞ்சிவிட்டு அவர் பதிலடி கொடுத்தார். "நீ மட்டும் என்னவாம். எல்லாம் நானே சமாளிச்சுக்கறேன்னு சொன்னியே மகராசி, நேத்து ஸ்வெட்டருக்குள்ள தலை மாட்டிக்கிட்டு உள்ள இருந்து கத்தினது யாரு? நான் ஏதோ ரேடியோன்னு நெனச்சேன்."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்ததில் தோள் வலித்தது. வலித்ததில் இன்னும் சிரிப்பு வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் கண்டக்டர் வெறும் கோப்பையின் விளிம்பை விரலால் மடிக்கத் தொடங்கினார். "சரி விடு. குடுக்கலைன்னா டிக்கெட் போட்டுடலாம். நான் போனா யாருக்கா உனக்கு..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் விளிம்பையே மடித்துக்கொண்டிருந்தார்.

சுவர் ஓரத்து மேஜையில் அந்த மொழிபெயர்ப்புப் பெண் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விதிப்படி இந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க ரொம்பவும் பாடுபட்டாள். அவளைப் பார்த்ததும் அக்காவின் நெஞ்சில் சுருக்கென்றது. இந்தப் பெண் இப்போது என்ன நினைப்பாள்? அக்கா கை ஒடிந்து கிடக்கிறாள், தம்பி வந்து உட்கார்ந்து தின்கிறான் என்றுதானே? அந்த அதிகாரி அம்மாளும் அதைத்தானே எழுதி வைத்திருக்கிறார்? கண்காணாத தேசத்தில், தெரியாத மொழியில், தம்பியைப் பற்றி அப்படி ஒரு வரி. அதற்கு அவள் வேறு தலையாட்டியிருக்கிறாள். மூன்றாம் மனுஷர் முன்னால் தன் தம்பியை விட்டுக்கொடுத்துவிட்டாள். கேட்டால் தன்மானம்.

யாருடைய தன்மானத்தை யார் தலையில் வைத்துக் காப்பாற்றியது?

தினமும் இரவு விளக்கை அணைக்குமுன் அவள் சாமி கும்பிடுவாள். தெரிந்தவர்கள் எல்லோருடைய பேரையும் சொல்லி நன்றாக வைக்கச் சொல்வாள். தனக்கென்று வரும்போது, எனக்கு ஒன்றும் வேண்டாம், நான் சமாளித்துக்கொள்கிறேன் என்று முடித்துவிடுவாள். கடவுளிடமே கேட்டுப் பழக்கமில்லாதவள் அதிகாரியிடம் எப்படிக் கேட்பாள்? ஆனால் கேட்காமல் இருப்பதில் பக்தி எவ்வளவு, பவிசு எவ்வளவு என்று இதுநாள் வரை அவள் பிரித்துப் பார்த்ததில்லை. இன்று அந்தக் காபிக் கடை நாற்காலியில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தாள். பவிசுதான் அதிகமாக இருந்தது.

மறுபடி கூப்பிட்டபோது, அதிகாரி அம்மாள் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேச ஆரம்பித்தாள். எதிரே இருந்தவர்களைப் பார்க்காமல், மேஜையின் ஓரத்தைப் பார்த்துப் பேசினாள்.

"காலையில நான் சொன்னது சரியில்லைங்க. என்னால முடியல."

கண்டக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் பிறந்ததிலிருந்து அவள் வாயில் கேட்டிராத வார்த்தை அது.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. தானே சமைப்பதாக எழுதியிருப்பது, அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாயால் செய்வது. நறுக்குவதும் கிளறுவதும் இறக்குவதும் இவன்தான். முதல் வாரம் உப்புப் போட மறந்தான், அடுத்த வாரம் அதற்கும் சேர்த்துப் போட்டான். கோட்டை மாட்டிவிடுவது இவன், செருப்புக்கு வாரைப் போடுவது இவன். இரவில் திரும்பிப் படுக்க முடியாமல் முனகினால், அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து தலையணையை மாற்றி வைப்பான். மறுநாள் காலையில், ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்று அவனே முதலில் சொல்லிவிடுவான், இவள் மன்னிப்புக் கேட்க வழியே இருக்காது.

"அக்கா, போதும்" என்றார் கண்டக்டர், காது சிவந்து.

"நீ சும்மா இரு. தலைமுடி இருக்கு பாருங்க, ஒரு கையால பின்ன வருமா? இவன்தான் பின்னி விடறான். மூணு கால் எடுத்துப் பின்னணும்னே இவனுக்குத் தெரியாது. பொம்பளைப் பிள்ளையைப் பெத்தவன், ஆனா சீப்பைத் தொட்டதில்ல. கயித்தை வெச்சுப் பழகிட்டு வந்து பின்னினான்."

இதை மொழிபெயர்க்கும்போது அந்தப் பெண்ணின் குரல் லேசாகப் பிசிறியது. கண்டக்டர் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

கைப்பயிற்சியைப் பற்றி அதிகாரி அம்மாள் கேட்டார். சுவரில் விரல்களை வைத்து, எறும்பு ஊர்வதுபோல் மேலே மேலே கொண்டுபோக வேண்டும், வலிக்க வலிக்க, தினமும். மருத்துவமனையில் சொல்லித் தந்தது. வலி பொறுக்காமல் அக்கா இரண்டாம் நாளே விட்டுவிட்டாள். கண்டக்டர் ஒரு பென்சிலை எடுத்து அந்தச் சுவரில் கீழிருந்து மேலாகக் கோடுகள் போட்டார். தான் காலமெல்லாம் ஓடிய பஸ்ஸின் ஸ்டாப்புகள். கீழே தபாலாபீஸ். அதற்கு மேலே பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, ரயில்வே கேட்டு, மார்க்கெட். தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் பஸ் ஸ்டாண்டு. அக்காவின் விரல் ஊர ஊர, பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கூவுவார். வலியில் கையை இறக்கப் பார்த்தால், நடு ரோட்டில் இறங்கக்கூடாது, ஸ்டாப்பில்தான் இறங்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவார்.

"இப்ப எந்த ஸ்டாப்ல இருக்கீங்கன்னு மேடம் கேக்கறாங்க" என்றாள் அந்தப் பெண்.

"ரயில்வே கேட்டு. ரெண்டு வாரமா அங்கேயே நிக்குது."

"கேட்டு திறக்கலைங்க" என்று கண்டக்டர் தன்னை மறந்து சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரி அம்மாள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தும்மலாகவும் இருக்கலாம். பிறகு முறைப்படி அவரைக் கேட்டார். சகோதரி சொன்னதெல்லாம் உண்மையா?

ஆமாம் என்று சொன்னால் சொல்லிக் காட்டினதாக ஆகிவிடும். இல்லை என்றால் அக்கா பொய்க்காரி ஆகிவிடுவாள். கண்டக்டர் மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா பொய் சொல்ல மாட்டாங்க."

"காலையில சொன்னாங்களேன்னு கேக்கறாங்க."

"அது பொய் இல்லைங்க. கௌரவம்."

விசைப்பலகை வெகுநேரம் ஓடியது. கடைசியில் அதிகாரி அம்மாள் நிமிர்ந்தார். இதெல்லாம் விவரம், எழுதிக்கொண்டேன். தம்பி தங்குவதற்குக் காரணம் என்ற இடத்தில் மட்டும் நீங்கள் சொல்வதை நீங்கள் சொன்னபடியே ஒரு வரியில் எழுத வேண்டும் என்றார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். சட்டைப் பொத்தானை மேலிருந்து கீழ் வரை ஓர் ஓட்டை தள்ளிப் போட்டிருந்தார். காலையில் அவளைக் கிளப்புகிற அவசரத்தில் தன்னைக் கவனிக்க மறந்திருப்பார்.

"எனக்கு இவன் வேணும்" என்றாள்.

அவ்வளவுதான். அந்தப் பெண் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

தோள் ஆறும் வரைக்கும் தாராளமாகப் போதும் என்கிற அளவுக்குக் காலத்தை நீட்டி, கண்டக்டரின் பாஸ்போர்ட்டில் ஒரு தாளை ஒட்டிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது அதிகாரி அம்மாள் மூக்கடைத்த குரலில் ஏதோ சொன்னார். ரயில்வே கேட்டைத் தாண்டினால் தனக்கும் தெரிவிக்க வேண்டுமாம். அதையும் அந்தப் பெண் அப்படியே சொன்னாள். பிறகு அவர்களோடு வாசல் வரை வந்தாள். பேசக்கூடாது என்று விதி இருந்ததால் பேசவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வெளியே குளிராக இருப்பதைப் பார்த்து, அக்காவின் கோட்டின் மேல் பொத்தானை மட்டும் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கடவுள் நேரில் வந்து செய்கிற காரியங்கள் ரொம்பக் குறைவு. மீதியை இப்படி யார் யாரிடமோ கொடுத்தனுப்பிவிடுகிறார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. கண்டக்டர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தை உர்ரென்று வைத்திருந்தார்.

"என்னடா?"

"தலையணை வரைக்கும் சொன்னே, பரவாயில்ல. ஜடையை எதுக்குக்கா சொன்னே? ரெண்டு பொம்பளைங்க முன்னாடி."

"சொன்னா என்ன? உண்மைதானே."

"இனிமே பின்ன மாட்டேன் போ."

"பின்னாதே. நாளைக்குத் தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டே கடைக்குப் போய் முதலாளியைப் பாத்துட்டு வரேன். உங்க வீட்ல யாரும் இல்லையான்னு கேட்டா, இருக்கான், டிவி பாக்கறான்னு சொல்லிக்கறேன்."

கண்டக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு ஸ்டாப் போயிற்று. இன்னொரு ஸ்டாப்பும் போயிற்று. அவர் குனிந்து, அவள் பின்னலின் நுனியை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார்.

"லூசாத்தான் இருக்கு" என்றார். "காலையில சீக்கிரம் எழுந்திரு. அவசரத்துல பின்னினா வர மாட்டேங்குது."